ஷினோவின் துணிப்பெட்டி

மசுயே வாழ வந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரிந்தது.

கமோ ஆற்றங்கரை ஊர்களில் பனி விழத் தொடங்கியதும் சன்னல்களுக்கு வெளியே பலகை அடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கூரையிலிருந்து சரியும் பனி காகிதக் கதவுகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். பலகை இடுக்குகளில் கசிகிற சாம்பல் வெளிச்சம்தான் வசந்தம் வரைக்கும் பகல். போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த அந்தக் குளிர்காலத்தில், பெண் பார்த்துக் கொடுத்த தரகருக்குப் பின்னால், ஒரே ஒரு துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, மசுயே, மிசோ என்னும் சோயா விழுது விற்கும் அந்த வியாபாரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளேயிருந்து புளித்த சோயாவின் மணமும் அடுப்புப் புகையும் வந்தன.

மாமியார் இஷி வாசலுக்கு வந்தாள். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"சாமான் வண்டி பின்னால வருதா?"

"இல்லைங்க அத்தை. இவ்வளவுதான்."

தரகர் இருமினார். எதிர்வீட்டுக் கதவு விரற்கடை அளவுக்குத் திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"தெருவே பாத்துக்கிட்டு நிக்குது. சீக்கிரம் உள்ள வந்து தொலை" என்றாள் இஷி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த ஊரில் பெண் பிறந்தால் கொல்லையில் ஒரு கிரி மரம் நடுவார்கள். பெண்ணோடு சேர்ந்து மரமும் மளமளவென்று வளரும். அவள் கல்யாணத்துக்கு அதை வெட்டித் துணிப்பெட்டி செய்து, ஊர் பார்க்க வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். மசுயேவின் அப்பா போருக்குப் போய்த் திரும்பாதவர். அவர்களுக்குக் கொல்லையே கிடையாது. நெசவாலை விடுதியில் வளர்ந்து, அங்கேயே தறி ஓட்டிக்கொண்டிருந்த பெண் அவள். இரண்டாந்தாரமாகக் கேட்டபோது அம்மா, "மூட்டையோட போனாலும் ஏத்துக்கறாங்களாம்டி" என்று அழுதபடியே சிரித்திருந்தாள்.

இஷி அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

சுவரோரம் ஒரு துணிப்பெட்டி நின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு பாகங்கள், அகலமான இழுப்பறைகள், கறுப்பு இரும்புக் கைப்பிடிகள். மரம் அப்போதுதான் உரித்த மூங்கில் குருத்துப் போல வெளுத்திருந்தது. ஆணிமுனை அளவுக்குக்கூட ஒரு கறை இல்லை. பலகையும் பலகையும் சேர்ந்த இடம் எதுவென்று விரலால் தடவினாலும் தெரியவில்லை.

"யாராச்சும் கேட்டா, உன் பொறந்த வீட்டுல செஞ்சு குடுத்ததுன்னு சொல்லு. பனிக்கு முன்னாடியே வந்து எறங்கிடுச்சுன்னு சொல்லு. புரியுதா?"

"இது யாரோடது அத்தை?"

"உன்னோடதுன்னுதானே சொல்றேன்."

இஷி மேல் இழுப்பறையை உள்ளே தள்ளினாள். அது போய்ப் பொருந்தியதும், கீழே இன்னொன்று ஹா என்று மூச்சு விட்டபடி தானாக வெளியே வந்தது. மசுயே துள்ளி விலகினாள். இஷி முதல்முறையாகச் சிரித்தாள்.

"பயந்தாங்கொள்ளி! நல்ல தச்சன் கை. காத்துப் போக எடம் விடாம இழைச்சிருக்கான். ஒண்ணைச் சாத்தினா இன்னொண்ணு தொறக்கும். நல்ல பெட்டி மூச்சு விடும், தெரிஞ்சுக்க."

அதன்பிறகு, கணப்பருகே உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கும்போதெல்லாம் பின்னறையிலிருந்து அந்த மூச்சு மசுயேவுக்குக் கேட்டது. யாரோ இழுப்பறையைச் சாத்துகிறார்கள் என்று முதலில் நினைத்துக்கொண்டாள். ஆனால் மாமியார் எதிரிலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கணவன் தாமேஜி கிடங்கில் மிசோத் தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தான்.

வீட்டில் வேறு ஆள் கிடையாது.

* * *

புதுப்பெண்ணின் பெட்டியைப் பார்க்கத் தெருப் பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டுக் கானேதான் முன்னால் வந்தவள். வாய் நீளம், கண் அதைவிட நீளம்.

"அடேயப்பா! மூட்டையோட வந்தாளேன்னு நெனச்சேன். ராணி மாதிரி பெட்டி வச்சிருக்காளே! எந்த ஊர்த் தச்சர்மா?"

மசுயே மாமியாரைப் பார்த்தாள். இஷி தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொறந்தப்ப எங்கப்பா மரம் நட்டாரு" என்றாள் மசுயே. சொன்ன பிறகு அது அவளுக்கே பிடித்துப்போயிற்று. இல்லாத கொல்லை, இல்லாத மரம், மண்ணை மிதித்து அழுத்தும் அப்பாவின் கால், எல்லாம் கண்முன் வந்தன. "அவரே போய் வெட்டி, அவரே பக்கத்துல நின்னு செய்ய வச்சாரு."

ஹா.

கைப்பிடியில் யார் கையும் இல்லை. அடியிலிருந்த இழுப்பறை மெல்ல, தயங்கித் தயங்கி, வெளியே வந்து நின்றது.

பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள். "பாரேன், பெட்டியே ஆமாங்குது!" என்றாள் ஒருத்தி.

கானே சிரிக்கவில்லை. திறந்த இழுப்பறைக்குள் மடித்திருந்த காகித உறை விலகிக் கிடந்தது. உள்ளே இளம் ஊதாப் பட்டுக் கிமோனோ, ஓரத்தில் வெள்ளைப் பூவேலை. அவள் அதைப் பார்த்தாள். இஷியைப் பார்த்தாள். பிறகு, "சரி, அடுப்புல வேலை கெடக்கு" என்று எழுந்துபோய்விட்டாள்.

அன்று சாப்பிடும்போது மசுயே கணவனிடம் கேட்டாள்.

"அந்தப் பெட்டி உங்க முதல் சம்சாரத்தோடதுதானே?"

தாமேஜி கிண்ணத்தைக் கீழே வைத்தான். நல்லவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். அம்மா இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்வான்.

"ஷினோவோடது. அவ அப்பா தச்சர். அவரே செஞ்சது. அதை முடிச்சுட்டுத்தான் கண்ணை மூடினாரு."

"அவங்க வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கறதுதானே முறை? குழந்தை இல்லாமப் போனா..."

"முறைதான்." அவன் குரல் இன்னும் இறங்கியது. "நெஞ்சுச் சளியில போனா. அந்த ஊதாப் பட்டைப் போர்த்தி அனுப்பணும்னு கேட்டுக்கிட்டே போனா. அவங்கம்மாவும் வந்து கேட்டாங்க. பட்டுத் துணியைப் பூச்சி அரிச்சிடுச்சு, பெட்டி கிடங்கு ஈரத்துல உளுத்து வெறகாப் போச்சுன்னு அம்மா சொல்லிட்டாங்க. ராத்திரி உடுத்தற பருத்தித் துணியோடதான் தகனம் பண்ணினோம். அப்புறம் வெளியூர்லேர்ந்து ஆள் கூட்டிவந்து வெந்நி ஊத்தி, பள்ளமெல்லாம் உப்ப வச்சு, மேல்தோலை இழைச்சு, களிமண் பொடி தேய்ச்சு... இப்ப யாருக்கும் அடையாளம் தெரியாது."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நான் வாயைத் தொறக்கலை."

அவன் முகத்தை மசுயேவால் பார்க்க முடியவில்லை. அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் தானும் வாயைத் திறக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. திறந்தால் எங்கே போவது? அந்த மூட்டையோடு மறுபடி அதே தெருவில், அதே கதவிடுக்குகளுக்கு நடுவே நடப்பதை நினைத்துப் பார்த்தாள்.

பின்னறையில் ஓர் இழுப்பறை மூச்சு விட்டது.

* * *

ஊர்ப் பெண்கள் மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடிப் புத்தர் பெயரை ஓதுவது வழக்கம். அந்த மாதம் மிசோ வீட்டு முறை. கணப்பில் கரி சிவந்திருந்தது. கூடம் நிறையப் பெண்கள். வெளியே உச்சிப்பொழுது, உள்ளே விளக்கு.

"அந்த ஊதாவைக் கட்டிக்கிட்டு வந்து தேநீர் குடு" என்றாள் இஷி.

"வேண்டாம் அத்தை. அவங்கம்மா வந்துட்டா?"

"தோகுவா? மகள் காரியம் முடிஞ்சதுலேர்ந்து இந்தப் படி மிதிச்சதில்லை. இந்தப் பனியில வரப்போறாளாக்கும்! வேலைக்காரியாட்டம் வந்து நின்னு என் மானத்தை வாங்காதே. போ."

மசுயே பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இழுப்பறையை இழுத்தாள். அது கனத்து வந்தது, உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல. பட்டு சில்லென்றிருந்தது. குளிர்கால அறையில் துணி சில்லென்றுதானே இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். உடுத்திய பிறகும் உடல்சூடு அதில் ஏறவில்லை.

வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி, இடப்பக்கத்தை அதன்மேல் மடித்து, இடைக்கச்சையை இறுக்கினாள். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. வலப்பக்கம் மேலே வந்தால் பிணத்துக்குக் கட்டியதாகிவிடும்.

குனிந்து தேநீர்த் தட்டை எடுக்கும்போது பின்கழுத்தில் என்னவோ பட்டது.

கழுத்துப்பட்டியைச் சரிசெய்யும் விரல்கள்போல இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டோடு வேகமாகக் கூடத்துக்குப் போனாள். ஓதிக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கானே எழுந்துவந்து காதருகே கிசுகிசுத்தாள்.

"ஏம்மா, இதென்ன விபரீதம்? மாத்திக் கட்டியிருக்க. போய்ச் சரிபண்ணு."

மசுயே குனிந்து பார்த்தாள். வலப்பக்கம் மேலே இருந்தது.

"ஆலையில வளந்த பொண்ணு. அங்க யாரு சொல்லிக்குடுப்பா?" என்று இஷி உரக்கச் சொன்னாள். சில பெண்கள் சிரித்தார்கள். மசுயேவின் காது மடல் வரைக்கும் சுட்டது. உடம்பு மட்டும் சுடவில்லை.

பின்னறைக்கு ஓடி, கச்சையை அவிழ்த்து, கண்ணாடி முன்னால் நின்று மறுபடி கட்டினாள். இடப்பக்கம் மேலே. ஒவ்வொரு மடிப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். கழுத்துப்பட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே நடைபாதையில் நடந்தாள்.

கைக்கு அடியில் பட்டு நகர்ந்தது.

பாம்பு ஊர்வதுபோல, மெதுவாக, நிதானமாக.

அவள் அழுத்தினாள். அது நகர்ந்தது.

கூடத்துக் கதவை அவள் திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி ஜெபமாலையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசலோரம், வைக்கோல் அங்கியிலிருந்து பனியை உதறியபடி, மெலிந்த ஒரு வயதான பெண் அப்போதுதான் வந்து நின்றிருந்தாள்.

"இது என் பொண்ணு கண்ணை மூடின மாசமாச்சே. அவ பேருக்கும் ரெண்டு வார்த்தை ஓதலாம்னு வந்தேன்" என்றாள். பிறகு மசுயேவைப் பார்த்தாள்.

அது தோகு.

அவள் பக்கத்தில் வந்தாள். "கொஞ்சம் நில்லும்மா. புதுப்பொண்ணு இப்படிக் கட்டக்கூடாது" என்று தன் விறைத்த விரல்களால் கழுத்துப்பட்டியைப் பிரிக்கத் தொடங்கினாள். உள்மடிப்பில் தையல் இருந்த இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன. அந்தத் தையலை ஒருமுறை மேலே தடவினாள். ஒருமுறை கீழே.

"இதைப் பூச்சி அரிச்சிடுச்சுன்னு சொன்னாங்க."



"அது இவ பொறந்த வீட்டுல குடுத்தது தோகு. ஊதாப் பட்டு உலகத்துல ஒண்ணுதானா இருக்கு?" இஷி அசையாமல் சொன்னாள். "சொல்லேன் மருமகளே."

அத்தனை கண்களும் மசுயேமேல் விழுந்தன. தாமேஜி கிடங்கு வாசலில் தொட்டி கிளறும் துடுப்போடு நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே அந்தத் துணி மூட்டையும் வந்து நின்றது.

"என்னோடதுதான்" என்றாள் மசுயே. "எங்கப்பா குடுத்தது."

பின்னறையில் ஓர் இழுப்பறை திறந்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஹா. ஹா. ஹா. ஏதோ ஒரு மார்பு காற்றுக்குத் தவிப்பதுபோல. கடைசியில் வந்த சத்தம் இருமலாக இருந்தது.

எல்லோருக்கும் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

தோகுவின் முகம் சுருங்கியது. அவள் அந்தத் திசையைப் பார்க்கவில்லை. மசுயேவின் கழுத்துப்பட்டியை ஒழுங்காக மடித்துவிட்டு, இரண்டு அடி பின்னால் நகர்ந்து, மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தாள்.

"மன்னிச்சுக்கம்மா. வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியலை. நல்ல நாள் அதுவுமா உன்னை நாலு பேர் முன்னால தலைகுனிய வச்சிட்டேன்."

பிறகு எழுந்து, வைக்கோல் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

அவள் அறைந்திருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அந்த மன்னிப்பு மசுயேவை அடியோடு அறுத்தது.

* * *

பின்னறையில் எல்லா இழுப்பறைகளும் வாய் பிளந்து நின்றன. மசுயே கச்சையின் முடிச்சில் கை வைத்தாள். அவள் போட்ட முடிச்சு, அவளுக்கே பிடிபடவில்லை. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பட்டு நெஞ்சோடு இறுகிக்கொண்டே வந்தது. தோகு மடித்துவிட்ட கழுத்துப்பட்டி மறுபடி புரண்டு கிடந்தது. பிணத்தின் மடிப்பு.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னால், இருட்டில், வெளுத்த பருத்தி இரவு உடையின் ஒரு கைப்பகுதி தெரிந்தது.

அந்தத் துணிக்குள் விரல்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"குளிருது" என்றது குரல்.

அதட்டவில்லை, சபிக்கவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவள் போர்வையின் ஓரத்தைக் கேட்பதுபோல இருந்தது.

மசுயே ஓடினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி, "எங்கடி போற?" என்ற மாமியாரின் கூச்சலைத் தாண்டி, வெறுங்காலோடு பனியில் இறங்கினாள். இருட்டறைக்குப் பிறகு அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தெருக்கோடியில், பாலத்தின் மேல், தோகு மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா! நில்லுங்கம்மா!"

கதவுகள் திறந்தன. கானேயும் மற்றவர்களும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மசுயே பனியில் விழுந்து, தோகுவின் கால்முன் நெற்றியை வைத்தாள்.

"பொய் சொன்னேன். எங்கப்பா ஒண்ணும் குடுக்கலை. நான் மூட்டையோட வந்தவ. இது ஷினோவோடது. பெட்டியும் அவங்களோடதுதான், உளுத்துப் போகலை, வெறகாகலை. எல்லாம் தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன். அவங்களுக்குக் குளிருதும்மா. இதைக் கழட்ட முடியலை..."

தோகு கையிலிருந்த பனியை அங்கியில் துடைத்தாள். பிறகு குனிந்து கச்சையைத் தொட்டாள். முடிச்சு, குழந்தை கைவிட்ட நூல்போல, தானாக அவிழ்ந்தது.

உள்ளாடையோடு நடுத்தெருவில் மண்டியிட்டிருந்த மசுயேமேல் தன் வைக்கோல் அங்கியைப் போட்டுவிட்டு, ஊதாப் பட்டை மார்போடு சேர்த்துக்கொண்டு தோகு நடந்தாள். அன்றே கோயில் முற்றத்தில் அதை எரித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் பட்டப்பகலில் தாமேஜி பெட்டியைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றினான். இஷி வாசலை மறித்தாள்.

"ஊரே பாக்குதுடா! நம்ம வீட்டு மானம்..."

"பாக்கட்டும்மா" என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். வண்டிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டபடி முழுத் தெருவையும் இழுத்துக் கடந்தான். மசுயே பின்னாலிருந்து தள்ளினாள். யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை.

தோகு பெட்டியைத் தன் வீட்டுக் கூடத்தில் வைக்கச் சொன்னாள். அதன் முன்னால் உட்கார்ந்து, வெளுத்த மரத்தைக் கையால் தடவினாள். கைப்பிடிகளின் அருகே தேடினாள். ஓரங்களில் தேடினாள்.

"இங்க ஒரு கீறல் இருக்கும். சின்ன வயசுல இந்த மரத்துலதான் ஏறி விழுந்தா, அப்ப மரத்துல பட்ட வடு பலகையிலயும் வந்திருந்தது. வேணும்னேதான் அவ அப்பா அதை விட்டு வச்சாரு. கைப்பிடிக்குப் பக்கத்துல அவ கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை. "அவ இருந்த எடமெல்லாம் இழைச்சுத் தள்ளிட்டீங்களே. அந்தச் சீவலையாவது வச்சிருக்கீங்களா?"

தாமேஜி வாய் திறந்தான். "அடுப்புல போட்டுட்டோம்" என்றான்.

தோகு தலையசைத்தாள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர்களால் குடிக்க முடியவில்லை. குடிக்காமல் எழவும் முடியவில்லை.

* * *

வசந்தம் வந்ததும் பலகைகளைக் கழற்றினார்கள். பின்னறையில் வெயில் விழுந்தது. இஷி அந்த அறைப் பக்கம் போவதையே விட்டிருந்தாள். பழைய தரைப்பாய்களை எடுத்துவிட்டு, பச்சை மாறாத புதுக் கோரைப்பாய்களைப் பதித்தார்கள். அறை முழுக்கப் புல் வாசனை. ஒரு சாமானும் அதில் இல்லை.

மறுநாள் காலை சுவரோரமாக, பெட்டி நின்ற இடத்தில், புதுப்பாயில், நான்கு பள்ளங்கள் விழுந்திருந்தன.

பாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "புதுப்பாயில அதுக்குள்ள இவ்வளவு பாரத்தை எறக்கினா எப்படிம்மா?" என்று கடிந்துகொண்டார். அவர் அந்தப் பாயை மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த காலை அவள் தனியாகப் போய்க் கதவைத் தள்ளினாள். நான்கு பள்ளங்களும் அதே இடத்தில் இருந்தன. இப்போது அவற்றுக்கு முன்னால், பெட்டியைத் திறக்க ஒரு பெண் மண்டியிடுகிற தூரத்தில், இரண்டு முழங்கால்களின் தடமும் இருந்தது.

மசுயே வாசற்படியிலேயே மண்டியிட்டுக் குனிந்தாள். தலை நிமிர்ந்தபோது வெயில் பாயின்மேல் சாய்வாக விழுந்திருந்தது. கோரை நிமிரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு தடங்களும் இன்னும் கொஞ்சம் அழுந்தின.